பள்ளிக் கட்டடங்களில் பகலொளி

பள்ளிக் கட்டடங்களில் பகலொளி என்பது, வகுப்பறைக்குத் தேவையான வெளிச்சத்தைச் சன்னல், மேல்சாளரம், கண்ணாடிக் கூரை ஆகியவற்றின் வழியே பெறும் வடிவமைப்பு முறையாகும். ஓட்டு வீடுகளில் இடையிடையே பதிக்கப்படும் கண்ணாடி ஓடு இதன் எளிய வடிவம்.

அளவீடு

இந்தியாவில் பகலொளிக் கணக்கீட்டுக்குத் திறந்தவெளி ஒளியளவு 8,000 லக்ஸ் எனக் கொள்ளப்படுகிறது. இதில் மேசையை அடையும் விழுக்காடே பகலொளிக் காரணி. 1 விழுக்காடு என்றால் 80 லக்ஸ்.

நெய்வேலியில்

குளிர்நாடுகளில் கண்ணாடிக் கூரை ஒளியுடன் கதகதப்பையும் தருகிறது. வெப்பப் பகுதிகளில் அதுவே குறையாகிறது. நெய்வேலி ஏறத்தாழ 11.5 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கு ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. நண்பகல் வெயிலைக் கூரையே பெரிதும் தாங்குகிறது. எனவே முழுக் கண்ணாடிக் கூரை வகுப்பறைக்குப் பொருந்தாது. நடைக்கூடம், படிக்கட்டு, முற்றம் ஆகியவற்றின் மேல், வெப்பக்காற்று வெளியேறும் திறப்புகளுடன் சிறிய அளவில் அமைக்கலாம்.

வகுப்பறைக்கு வடக்கு, தெற்குச் சன்னல்களே ஏற்றவை. அவ்விரு மாதங்களுக்கு இடையே நண்பகல் கதிரவன் வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்குச் சன்னலுக்கும் சன்ஷேடு தேவை.

பாதுகாப்பு

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இத்தகைய பகுதியில், குழந்தைகளின் தலைக்கு மேல் சாதாரணக் கண்ணாடி கூடாது. இரு கண்ணாடிகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி உடைந்தாலும், சில்லுகள் படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தூசி படிந்தால் ஒளி குறையும் என்பதால், கூரையைக் கழுவ ஏறும் வழியையும் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும்.