மீன்தொட்டிகள் சொல்லும் பொருளாதாரம்

ஸ்பெயினின் தென்கோடியில், ஜிப்ரால்டர் நீரிணையின் கரையில், போலோனியா என்னும் சிற்றூர் உள்ளது. 1917-இல் பியர் பாரி என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கு அகழாய்வைத் தொடங்க, பேலோ கிளாடியா என்ற ரோமானிய நகரம் மணலிலிருந்து வெளிப்பட்டது. மேட்டில் மூன்று கோயில்கள், நாடக அரங்கு, நீதிமன்றம். கீழே கடலோரத்தில் மீனை உப்பிட்ட தொட்டிகள். பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்த எனக்குக் கோயில்களைவிட இத்தொட்டிகளே பெரிதாகப் படுகின்றன. மேட்டில் உள்ளவற்றுக்குப் பணம் ஈட்டித் தந்தவை இவைதாமே!

ஆண்டுதோறும் வேனில் தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் சூரை மீன்கள் இனப்பெருக்கத்துக்காக இந்நீரிணை வழியே மத்தியதரைக் கடலுக்குள் நுழையும். சில வாரங்களில் குவியும் அறுவடையை ஆண்டு முழுதும் விற்கும் சரக்காக்கியது உப்பு. சதைத் துண்டுகளைத் தொட்டியில் உப்போடு அடுக்கினர். எஞ்சிய குடலும் குருதியும் சிறு மீன்களோடு வெயிலில் நொதித்து 'காரும்' என்னும் சாறாயின. அதில் உயர்ந்த வகை சுமார் ஆறரை லிட்டர் 1,000 செஸ்டர்ஸ் விலை போனதாக மூத்த பிளினி எழுதுகிறார். அன்று ரோமானியப் படைவீரனின் ஆண்டு ஊதியமே 900 செஸ்டர்ஸ்தான்! மலிவான வகைகள் எளியோர் உணவிலும் இருந்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளிலும் ஸ்பெயினின் மீன்சாறு வந்த சாடிகளை அடையாளம் கண்டுள்ளனர்.

ஆனால், தொட்டி, உப்பு, சாடி, வலை, ஆள் என அனைத்துக்கும் முதல் மீன் வருமுன்பே செலவிட வேண்டும். சாறு முதிர மாதங்கள் ஆகும். அதுவரை முதலீடு முடங்கிக் கிடக்கும். தொலைதூரச் சந்தை நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையின்றி எவர் இதில் இறங்குவார்?

நிலநடுக்கமே இந்நகரை அழித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முதல் நூற்றாண்டில் நகரம் அதிர்ந்து இடிந்தபோது, முன்னிலும் பெரிதாக அதைக் கட்டி எழுப்பினார்கள். மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய அழிவிலிருந்து பொதுக் கட்டடங்கள் அவ்வாறு மீளவில்லை. இரண்டுக்கும் இடையே மாறியது நிலம் அன்று, சந்தை. பேரரசு தளர்ந்து கடல்வழிகள் சிதைந்தபின் ஒற்றைத் தொழிலை நம்பிய ஊருக்கு மாற்று வழி இருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் அது ஆளற்றுப் போயிற்று.

அக்கரையோரத்தில் இன்றும் வேனில்தோறும் சூரைக்கு வலை கட்டுகிறார்கள். பிடிபடுவதில் ஒரு பகுதி ஜப்பானுக்குச் செல்கிறது. எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பன்னாட்டு ஒதுக்கீடு தீர்மானிக்கிறது.