சுண்டெலிக்கு இல்லாத மஞ்சள் புள்ளி

சுண்டெலிக்குப் பார்வை திரும்பிவிட்டது, முதுமையில் வரும் பார்வைக் கோளாறுக்கு விரைவில் மருந்து என்று பேப்பரில் படித்ததும், வீட்டிலிருக்கும் பாட்டியைத்தான் நினைத்துக்கொள்வோம். தேநீர் ஆறுவதற்குள் அந்தச் செய்தியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

கண்ணின் உள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. அதன் நடுவே சில மில்லிமீட்டர் அகலத்தில் மாக்குலா என்ற இடம் இருக்கிறது. மஞ்சள் புள்ளி என்றும் சொல்வார்கள். ஊசியில் நூல் கோப்பதும், முகம் பார்த்து ஆளைக் கண்டுகொள்வதும் இதன் தயவால்தான். வயதாக ஆக, சிலருக்கு இதன் அடியில், வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்பு படிவதுபோல, மஞ்சள் படிவுகள் சேர்கின்றன. அவர்களில் சிலருக்குப் பிறகு அங்கே வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியத் தொடங்கும்.

ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கும் இதே நோய்தான் வந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சுண்டெலிக்கு மாக்குலாவே கிடையாது! அது இரவில் நடமாடும் பிராணி. மங்கிய வெளிச்சத்தில் அசைவு தெரிந்தால் போதும் அதற்கு.

பிறகு எதற்கு அதை வைத்து ஆராய்கிறார்கள்? நோயின் ஒரே ஒரு கட்டத்தைப் பார்ப்பதற்கு. சிமென்ட் தரையில் விரிசல் விட்டால் அரசங்கன்று தலைகாட்டுகிறதல்லவா? விழித்திரைக்கு அடியில் ப்ரூக் சவ்வு என்றொரு தரை உண்டு. லேசரால் சுண்டெலிக்கு அதில் சின்ன விரிசல் உண்டாக்கினால், ஒன்றிரண்டு வாரத்தில் கீழிருந்து ரத்தக் குழாய்கள் முளைத்து வருகின்றன. அவற்றை வளரத் தூண்டுவது விஇஜிஎஃப் என்ற புரதம். அதைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசியை இதே லேசர் முறையில் விரிசல் உண்டாக்கிய குரங்குகளுக்கும், பிறகு நோயுள்ள மனிதர்களுக்கும் கொடுத்துச் சோதித்த பின்னரே 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம்மூரிலும் போடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சுண்டெலிக்கு ஏற்பட்டது காயம். நாளடைவில் தானாகவே ஆறக்கூடியது. மனிதருக்கோ நோய் பல்லாண்டுகளாக உள்ளே ஊறி வருகிறது. அந்த நீண்ட கதையைப் பார்க்கக் குரங்குகள்தான் நெருக்கமானவை. போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சந்தியாகோ தீவில், 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ரீசஸ் குரங்குகளின் சந்ததி வாழ்கிறது. அவற்றில் முதிர்ந்தவற்றின் மாக்குலாவில் அதே மஞ்சள் படிவுகளைக் கண்டிருக்கிறார்கள். யாரும் எதுவும் செய்யாமலே வந்தவை அவை. ஆனால் ஒரு குரங்கு கிழமாக இருபது வருடம் காத்திருக்க வேண்டும். சுண்டெலியின் ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான். ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி சுண்டெலியிடம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் படித்தால், எந்தப் பிராணி, அதற்கு வயதானதா, காயம் பட்டதா என்று தேடிப் பாருங்கள். மனிதர்களிடம் சோதித்ததாக ஒரு வரியும் இல்லையென்றால், புதிய மருந்து வரட்டும் என்று பாட்டிக்குப் போடும் ஊசியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.