கட்டியங்காரன் – 14: கூரை கழன்ற ஞாயிறு

போன வாரம் கார் தரையின் ஓட்டைக்குள் என் கால் இறங்கி போர்ட்டிகோ சிமென்ட்டைத் தொட்டதோடு நிறுத்தியிருந்தேன். தரைத் தகட்டை எப்படி வெட்டி ஒட்டுவது என்று இந்த வாரம் எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒரே வரி: 1964 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு, குரோம்பேட்டை வீட்டு வாசலில் பத்து மாதமாக நிற்கிறது, ஓடாது. மற்றவற்றைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூரை கழன்றுவிட்டது.

துருப்பிடித்துப் பிய்ந்து விழவில்லை. ஸ்பானர் போட்டு நாங்களாகவேதான் கழற்றினோம். தரையைப் பார்க்க வந்த டிங்கர் பெரியவர் ஒரு பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மேல இருக்கறத எடுத்துருங்க சார், உள்ள உக்காந்து வேலை பாக்கலாம்" என்றார்.

"கூரைய அறுக்கணுமா?"

என்னைப் பாவமாகப் பார்த்தார். "எதுக்கு அறுக்கணும்? எல்லாம் போல்ட்டுதான்."

பத்து மாதமாக இந்தக் காரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். மழைத்தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எந்த ஓரத்தில் பட்டி அடித்து மறைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. கூரை தனியாகக் கழலும் என்பது மட்டும் தெரியாமல் போனது. உள்கூரைத் துணியைப் பிய்த்தபோதே போல்ட்டுத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏதோ அலங்காரம் என்று நினைத்து அதன் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது ஊரடங்கு. மகள் பிளஸ் டூ. காலை ஐந்தரை முதல் எட்டு வரையும் மாலை ஆறு முதல் பத்து வரையும் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்று வீட்டம்மா உத்தரவு. கிரைண்டிங் மெஷினுக்கு ஏப்ரல் வரை முழுத்தடை. ஞாயிறு பத்து மணிக்கு மகள் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கு வருவாள். தட்டுவதானால் அந்த மூன்று மணி நேரத்துக்குள் தட்டிக்கொள்ள வேண்டும். இந்த நிலைமையில் போல்ட்டு என்ற சொல் காதில் தேனாகப் பாயாமல் என்ன செய்யும்? ஸ்பானருக்குச் சத்தம் கிடையாது. கழற்றுகிறவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அறுபது வருஷத்துப் போல்ட்டு சும்மா வந்துவிடாது. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிடத் துருவான பிறகு அதற்கு இடம் அதிகம் வேண்டும். மரையின் பள்ளத்துக்குள்ளேயே உப்பி இறுகி உட்கார்ந்துகொள்ளும். வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவும் சாப்பாடு முடிந்ததும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காதுக்கு மருந்து விடுவதுபோல ஒவ்வொரு போல்ட்டுக்கும் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து சொட்டு விட்டேன். சிரிஞ்சு அம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்து வந்தது. அதைப் பற்றித் தனியாக ஒரு விசாரணை நடந்தது, இங்கே வேண்டாம்.

பெரியவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று: முதலில் கழற்றும் பக்கம் திருப்பாதே, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பு. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் துரு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் திருப்பு, வரும். வந்தது.

எல்லாம் வரவில்லை. இரண்டு போல்ட்டின் தலை மழுங்கியதற்கு நானே காரணம். இது இங்கிலாந்தில் பிறந்த வடிவம், போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. என்னிடம் இருந்ததோ மில்லிமீட்டர் ஸ்பானர் செட். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். கடைக்காரர் ஒருவர், "பதிமூணாம் நம்பர் போடுங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சத்தியம் செய்தார். அந்த 0.3 மில்லிமீட்டர்தான் ஆறுமுகப் போல்ட்டை உருண்டையாக்கியது. பிறகு புதுப்பேட்டைக்குப் போய், பழைய சாமான் குவியலைக் கிளறி, அங்குல ரிங் ஸ்பானர் நான்கு பொறுக்கிக்கொண்டு வந்தேன். மழுங்கிய இரண்டையும் பெரியவர் ஞாயிறன்று கேஸ் வைத்துச் சூடுகாட்டி எடுத்தார்.

பதினொன்றரைக்கு நான், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர், பெரியவர் நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினோம். குடத்தின் மூடிபோல எழுந்து வந்தது. கீழே நிழல் சட்டென்று விலகி, சீட்டுகள் மேல் வெயில் விழுந்தது. மைத்துனன், "மாமா, இப்படியே விட்டுருங்க, ஓப்பன் கார்!" என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு காரை எதற்காக இப்படிச் செய்வார்கள்? 1950-களின் கடைசியில் கார் உலகமே சேஸிஸைத் தூர எறிந்துவிட்டு, உடம்பையே எலும்பாக்கி ஒரே கூடாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. நம் அம்பாசடரே அந்த வகைதான். அந்தக் காலத்தில் இவர்கள் மட்டும் சேஸிஸைத் தனியாகப் போட்டு, மேலே கூரை ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை ஒரு துண்டு என்று போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே வாயாக முன்பக்கம் கவிழும். ரசனையா, கிறுக்கா? படித்துப் படித்து மணி இரண்டு ஆனது. காரணம் ஒரு சண்டை.

கவெண்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி கார் உடம்பைத் தானே அடிக்கவில்லை. ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி அடித்துக் கொடுத்தது. 1952-இல் ஆஸ்டினும் மாரிஸும் ஒன்று சேர்ந்து பி.எம்.சி. என்ற பெரிய கம்பெனியாயின. அடுத்த வருஷமே அது ஃபிஷர் அண்ட் லட்லோவை வாங்கிப்போட்டது. எதிர் ஓட்டல்காரன் நமக்கு இட்லி மாவு அரைத்துத் தரும் மில்லை வாங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. 'எய்ட்', 'டென்' என்ற பழைய மாடல்களுக்குப் பதிலாகப் புதுச் சின்னக் கார் தேவைப்பட்ட நேரத்தில், முழு உடம்பு அடித்துத் தர ஆளில்லை.

முழுசாகக் கிடைக்காதென்றால் துண்டு துண்டாக வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். சின்னப் பட்டறைகளால் ஒரே கூடாகப் பெரிய உடம்பை அழுத்த முடியாது, துண்டுகளைச் செய்ய முடியும். துண்டுகளைத் தாங்கச் சேஸிஸ் வேண்டும், சேர்க்கப் போல்ட்டு வேண்டும். என் வீட்டு வாசலில் நான் டீசல் சொட்டு விட்ட ஒவ்வொரு போல்ட்டும் பி.எம்.சி.யின் கைங்கரியம்.

அழகு எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. தலைமை எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டர் இத்தாலியின் டூரின் நகரத்துக்குப் போய் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்பவரைப் பிடித்தார். மனுஷர் கை அசுர வேகம். பெரிய பெரிய கண்ணாடி, கத்தி விளிம்பு போன்ற ஓரங்கள், பின்னால் சின்னதாக நீட்டிய வால். உள்ளே உட்கார்ந்தால் சுற்றிலும் 93 சதவீதம் வெளியே தெரியும் என்று கணக்கே சொன்னார்கள். தனிச் சேஸிஸால் ஒரு லாபமும் வந்தது. முன்சக்கரத்தை நினைத்த மட்டுக்கும் ஒடிக்கலாம். 25 அடி வட்டத்தில் கார் திரும்பிவிடும், லண்டன் டாக்சிக்குச் சமமாக. எங்கள் தெருவின் முட்டுச்சந்தில் இந்தக் காரைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசைகளில் ஒன்று. ஓட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

வேலை நடந்தபோது இந்தக் காருக்கு ரகசியப் பெயர் 'சோபோ'. இமயமலைப் பக்கம் யாக்குக்கும் மாட்டுக்கும் பிறக்கிற கலப்பு மிருகத்துக்கு அந்தப் பெயர். துண்டு சேர்த்த காருக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வெளியிட்டபோது ஹெரால்ட் ஆகிவிட்டது. ஸ்டாண்டர்ட் என்றாலே கொடி. என்சைன், பென்னன்ட் என்று அவர்களின் மற்ற மாடல்களுக்கும் கொடிப் பெயர்தான். கொடிக்கு முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு வருகிறவன் ஹெரால்ட். இந்தத் தொடருக்குத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அங்கே அவர்களுடைய டிரயம்ப் என்ற பெயருக்கு மவுசு என்று டிரயம்ப் ஹெரால்டாக விற்றார்கள். நம் ஊரில் மட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

துண்டு துண்டாக இருப்பதைக் கப்பலில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் இறக்கிப் பூட்டலாம் அல்லவா? 1961-இல் ஹெரால்ட் இங்கே வந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் இது. மூன்றே கார்கள் இருந்த தேசத்தில் ஒன்று பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில் பிறந்தது. எங்கள் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். 1968-இல் நான்கு கதவு வைத்த ஹெரால்டைப் போட்டார்கள். இங்கிலாந்துக்காரர்களே செய்து பார்க்காத வேலை அது. துண்டு காராக இருந்ததால்தான் அது கைகூடியது என்பது என் கட்சி. என் கார் இரண்டு கதவு. எனக்குப் பொறாமை இல்லை.

விடிகாலை காபியோடு வந்த வீட்டம்மாவிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது, யாரோ ரெண்டு பேருக்குள்ள எழுபது வருஷத்துக்கு முன்னாடி சண்டை. அதனால நம்ம மொட்டை மாடியில ஒரு கார் கூரை கிடக்கு. அப்படித்தானே?" என்றாள்.

அப்படித்தான்.

மைத்துனனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அவனும் இந்தத் தொடரைப் படிக்கிறான். ஓப்பன் கார் ஆசை தப்பில்லை. 1960-லேயே கம்பெனி கூரையில்லாத ஹெரால்டை விற்றது. ஆனால் என் குறி வேறு. 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து, 'வி.ஏ.' எழுத்து போட்ட நம்பர் வாங்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆக, கூரை திரும்ப ஏறியாக வேண்டும். எப்போது என்பதுதான் சிக்கல்.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வந்து மாடிக்குப் போனேன். கூரையை நான்கு செங்கல் மேல் வைத்துவிட்டு வந்திருந்தோம். அதன் மேல் அப்பாவின் பழைய வேட்டி இழுத்துக் கட்டியிருந்தது. வேட்டி முழுக்கக் கூழ் வடகம், வரிசை வரிசையாக. அம்மா குடையும் கையுமாகக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"தகடு நல்லா சூடேறுதுடா. அடியிலயிருந்தும் காயுது, மேலயிருந்தும் காயுது. இந்த வருஷம் ரெண்டு நாள்ல எடுத்துரலாம்."

"அம்மா, அது ரெட் ஆக்சைடு..."

"அதான் வேட்டி போட்டிருக்கேனே. மோர்மிளகாயும் போடணும். பங்குனி முடியிற வரைக்கும் கீழ எறக்காதே."

கழற்றிய போல்ட்டுகளை மகள் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பிரித்துப் போட்டு, கூரை முன், கூரை பின் என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். கெமிஸ்ட்ரி ரிவிஷனுக்கு நடுவே. துரு எப்படிப் பிடிக்கிறது என்று அவள் பாடத்தில் ஒரு கேள்வி வருமாம். வந்தால் இரண்டு பக்கம் எழுதுவேன் என்கிறாள். மூன்று மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதுகிற குணம் யாரிடமிருந்து வந்தது என்று வீட்டம்மா என்னைப் பார்த்தாள்.

தரை அடுத்த வாரம், நிச்சயமாக. தகடு வாங்கி வைத்தாயிற்று, காலண்டர் அட்டையில் அளவும் வெட்டியாயிற்று. வெல்டர் தம்பி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னார்.

(தொடரும்)