புனிதரின் பெயர், அரசின் பாடசாலை

கொழும்பில் சில பாடசாலைகளின் பெயர்ப்பலகை 'கொ/' என்று தொடங்கும். அதற்கடுத்து ஒரு புனிதரின் பெயர் வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில் மணி கேட்கும். ஆனால் ஆசிரியர்களை இடமாற்றம் செய்வது கல்வித் திணைக்களம். அதிபர் பௌத்தராகவோ இந்துவாகவோ இருக்கலாம். தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க அலையும் பெற்றோர் இதைப் பார்த்துக் குழம்புவது வழக்கம்: இது சுவாமிமாரின் பள்ளிக்கூடமா, அரசாங்கத்துடையதா?

அரசாங்கத்துடையது. முன்னர் அது கத்தோலிக்கக் கோயிலோடு சேர்ந்த பங்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. அது ஏன் கட்டப்பட்டது, எப்படிக் கைமாறியது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

கோயிலோடு ஒட்டிய பள்ளிக்கூடத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயக் குருமார். அதைப் பிடித்துக்கொண்டு இறுக்கமான ஏற்பாடாக மாற்றியவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடைய பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் எழுத்து மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊராரின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தவரும் அவரே. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். 1658-இல் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஆகவே கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை பகலில் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைச் செபத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. தன் வீட்டுச் செபத்தை ஊர் அண்ணாவியாரிடம் ஒளித்துப் படித்தது. கோவாவிலிருந்து 1687-இல் வந்த யோசேவ் வாஸ் அடிகளும் அவருக்குப் பின் வந்தவர்களும் சமூகத்தைக் கட்டிக்காத்தது மூப்பர், அண்ணாவியார் என்ற இந்தப் பொதுநிலையினரைக் கொண்டுதான். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில், 1806-இல்தான் நீக்கப்பட்டன.

பள்ளிக்கூடம் யார் கையில் இருக்கிறதோ பிள்ளையின் சமயமும் அவர் கையில் என்ற பாடத்தை இங்குள்ள கத்தோலிக்கர் அப்படித்தான் படித்தார்கள். பிந்திய காலத்தில் அவர்கள் காட்டிய பிடிவாதம் அந்த அனுபவத்தில் முளைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

1834-க்குப் பின் ஆங்கில அரசு பாடசாலை ஆணைக்குழு அமைத்தபோதும் அதில் புரட்டஸ்தாந்துப் பாதிரிமாரின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. இதை விடாமல் எதிர்த்து எழுதியவர் கிறிஸ்தோப் பொன்ஜீன். கோயம்புத்தூரில் பணிபுரிந்துவிட்டு யாழ்ப்பாணம் வந்து அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்த பிரெஞ்சுக் குரு அவர். பின்னாளில் கொழும்பின் முதல் பேராயரானார். அவர் கேட்டது ஒன்றுதான்: அரசு ஒரே பள்ளிக்கூடம் நடத்தி எல்லாரையும் அதற்குள் அடைக்க வேண்டாம், ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பள்ளிக்கூடத்தை நடத்தட்டும், எழுத்தும் கணக்கும் ஒழுங்காகக் கற்பிக்கப்படுகிறதா என்று பார்த்து அரசு பணம் கொடுக்கட்டும். ரிச்சர்ட் மோர்கன் தலைமையிலான குழுவின் 1867 அறிக்கையும், 1869-இல் அமைந்த பொதுப் போதனைத் திணைக்களமும் ஏறக்குறைய அந்த வழியிலேயே போயின. 'உதவி பெறும் பாடசாலை' என்ற வகை அப்படிப் பிறந்தது.

அதன்பின் கொழும்பின் பங்குகளில் பள்ளிக்கூடங்கள் பெருகின. பெரியவை தனிக் கதை. கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி டிலாசால் சகோதரர்களிடம் போனது. மருதானை டார்லி வீதியில் 1896-இல் புனித சூசையப்பர் கல்லூரி திறக்கப்பட்டது. பங்குப் பள்ளிக்கூடம் அவற்றைப் போன்றதல்ல. நீளமான ஒரு மண்டபமும் அதைத் தட்டி மறைத்துப் பிரித்த சில வகுப்புகளும் இருந்தால் போதும். பங்குத்தந்தைதான் முகாமையாளர். அருட்சகோதரிகளோ பங்கின் படித்த ஆண் பெண்களோ படிப்பிப்பார்கள். வருகிற பிள்ளைகள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கடைகளிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள். தெமட்டகொடை போன்ற ரயில்வே ஊரில் வேறு யாரை எதிர்பார்க்க முடியும்?

நோக்கம் மறைவானதல்ல. பிள்ளை செபம் சொல்லக் கற்க வேண்டும், ஞானோபதேசம் படித்துப் புதுநன்மை வாங்க வேண்டும், கூடவே வாசிக்கவும் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பழக வேண்டும். அமெரிக்காவில் 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் கோயில் ஒவ்வொன்றின் அருகிலும் பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்று கட்டளையிட்டார்கள். அங்கே செலவு முழுவதும் பங்கு மக்களின் தலையில் விழுந்தது. இங்கே அரசு பங்குபோட்டது. அந்த வசதியே பின்னால் வினையானது.

ஏனென்றால், அந்தப் பணம் எல்லாச் சமயத்தாரும் கட்டிய வரி. மிஷன் பள்ளிக்கூடங்கள் முந்திக்கொண்டு இடம் பிடித்திருந்தன. ஏற்கெனவே பாடசாலை இருக்கும் இடத்திலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்குவதற்கு உதவிப்பணம் கிடைக்காது என்று 1890-களில் வந்த விதி, பிந்தித் தொடங்கிய பௌத்தரையும் இந்துக்களையும்தான் அதிகம் உறுத்தியது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945-இல் வந்தபின் ஆசிரியர் சம்பளத்தை அரசே சுமந்தது. நியமனத்தில் மட்டும் முகாமையாளரின் சொல் நின்றது. பணம் நம்முடையது, பிடி அவர்களுடையதா என்று பௌத்த அமைப்புகள் கேட்டன. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அவ்வாண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை டிசம்பர் 1 முதல் அரசிடம் ஒப்படைத்தது. நாடெங்கும் 2,000-க்கு மேற்பட்டவை கைமாறின. 1961-இன் 8-ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வழிசெய்தது.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள், அதாவது மேல்வகுப்புகள் உள்ள பெரியவை, அரசின் பணம் வேண்டாம் என்று சொல்லித் தனியார் பாடசாலைகளாக நிற்கலாம். சிறு வகுப்புகளோடு நின்ற மூன்றாம் தரப் பாடசாலைக்கு அந்தத் தெரிவே கிடையாது. ஆகவே புனித சூசையப்பர், புனித ஆசீர்வாதப்பர் போன்ற கல்லூரிகள் திருச்சபையிடம் தங்கின. ஏழைப் பிள்ளைக்காக என்று சொல்லிக் கட்டிய பங்குப் பள்ளிக்கூடங்களே போய்விட்டன. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் மலர் வெளியிடுகின்றன; சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி எழுத யாரும் இல்லை.

எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. 1960 டிசம்பரில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் அங்கேயே குடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பிறகே மறியல் கலைந்தது. தனியாக நின்ற கல்லூரிகளும் சுகமாக இருக்கவில்லை. கட்டணமும் வாங்க முடியாது, அரசுப் பணமும் வராது. நன்கொடையிலும் களியாட்ட விழாவில் சேர்ந்த காசிலும் பல ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். 1970-களின் கடைசியிலிருந்துதான் அரசு மறுபடி கைகொடுத்தது.

தமிழ் வாசகர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தாய்மொழியிலேயே ஆரம்பக் கல்வி என்று வந்தபின், பங்குப் பள்ளிக்கூடம் எந்த மொழியில் நடந்ததோ அதுவே பிள்ளையின் மொழியாயிற்று. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையோரத்தில் வீட்டில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் ஓரிரு தலைமுறையில் சிங்களத்துக்கு மாறியதில் சிங்கள மொழிமூல வகுப்புக்குப் பெரும் பங்குண்டு. நம்பிக்கையைக் காக்கக் கட்டிய பள்ளிக்கூடம் நம்பிக்கையைக் காத்தது. மொழி அதன் கணக்கில் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் தமிழ் வகுப்புகள் தொடர்ந்ததால் இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கருக்கு அந்தக் கதி நேரவில்லை.

சமயப் பாடம் என்னவாயிற்று? அரசுப் பாடசாலையிலும் பிள்ளை தன் சமயத்தைப் படிக்கலாம். கத்தோலிக்கம் சாதாரண தரப் பரீட்சைக்கு உரிய பாடம், பாடநூலையும் அரசே தருகிறது. பங்கு தன் பங்குக்கு ஞாயிறு மறைக்கல்வியை வளர்த்துக்கொண்டது.

இனி பெற்றோரின் கேள்விக்கு வருவோம். திருச்சபையிடம் உள்ள கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். அரசு எடுத்த பாடசாலையில் பங்குத்தந்தைக்கு அதிகாரம் இல்லை. வீட்டின் தூரம், அண்ணன் அக்கா அங்கே படிப்பது, பெற்றோர் பழைய மாணவராக இருப்பது போன்றவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். ஆனால் அமைச்சின் முதலாம் வகுப்புச் சுற்றறிக்கையில் ஒரு விதி உண்டு. 1961 சட்டப்படி பொறுப்பேற்ற பாடசாலையானால், பொறுப்பேற்ற நாளில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதத்தைக் கவனித்தே இடம் நிரப்ப வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைக்கு மட்டுமல்ல, அன்று அங்கே படித்த இந்து, பௌத்த, முஸ்லிம் பிள்ளைகளின் விகிதத்துக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் நிரப்புமுன் அந்தப் பாடசாலை இவ்வகையைச் சேர்ந்ததா, உங்கள் சமயத்துக்கு எத்தனை இடம் என்பதை அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.