டான்ஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்காக ஒரு பாட்டு

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு டிரான்ஸ் மியூசிக் பிடிக்காது. பாட்டுன்னா எனக்கு வரி வேணும், பல்லவி வேணும், குளிக்கும்போது பாட முடியணும். டிரான்ஸ்ல இது எதுவும் கிடையாது. ‘டும் டும் டும் டும்’னு ஒரே அடி. பக்கத்து வீட்ல போர்வெல் போடற மாதிரி.

ஆனா என் ரூம்மேட் ஒரு வெறியன். "மச்சான், ஒரே ஒரு ஆல்பம் முழுசா கேளு. அப்புறம் திட்டு"ன்னான். அவன் கொடுத்தது ராபர்ட் மைல்ஸோட ‘ட்ரீம்லேண்ட்’, 1996-ல வந்தது. அதுல இருக்கிற ‘சில்ட்ரன்’ங்கிற டிராக் அந்தக் காலத்துல ஐரோப்பாவுல பல நாடுகள்ல நம்பர் ஒன். கேட்டா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், பேர்தான் தெரிஞ்சிருக்காது.

முதல் தடவை காலைல ஆஃபீஸ் போற பஸ்ல கேட்டேன். நான் பாட்காஸ்ட்டையே ஒன்றரை மடங்கு வேகத்துல கேக்கற ஆள். இதையும் முப்பது முப்பது செகண்டா தள்ளித் தள்ளி விட்டேன். எங்க தள்ளினாலும் அதே பியானோ, அதே அடி. பத்து டிராக்கையும் இருபது நிமிஷத்துல முடிச்சிட்டு, "ஒண்ணுமே நடக்கலையேடா"ன்னு மெசேஜ் போட்டேன். அவன் பதில்: "நீ கேக்கல. ஸ்க்ரோல் பண்ணிருக்க."

கடுப்பா இருந்துச்சு. ஆனா அவன் சொன்னது சரி. ஏன்னு விளக்கறேன்.

டிரான்ஸ்ல மாற்றம் வரியில நடக்காது, அடுக்குல நடக்கும். அடியில ஒரு கிக் டிரம், நாலு எண்ணிக்கைக்கு நாலு அடி. அதுக்கு மேல ஒரு பேஸ். அதுக்கு மேல சின்னச் சின்ன ஸ்வரங்களா சுத்தி சுத்தி வர்ற ஒரு கோர்வை. பொதுவா எட்டு தாள வட்டத்துக்கோ பதினாறு தாள வட்டத்துக்கோ ஒரு தடவை ஒரு அடுக்கு உள்ள வரும், இல்ல வெளிய போகும். ‘சில்ட்ரன்’ மாதிரி டிராக்ல நிமிஷத்துக்கு 140-க்குக் கொஞ்சம் கம்மியா அடிகள். பதினாறு வட்டம்னா 64 அடி, கணக்குப் போட்டா கிட்டத்தட்ட அரை நிமிஷம். நான் தள்ளிவிட்டது சரியா அந்த அரை நிமிஷத்தைத்தான்! ஒரு மாற்றம் நடக்கிற நேரம் முழுக்கத் தாண்டிக் குதிச்சிட்டு, மாற்றமே இல்லன்னு சொல்லிருக்கேன்.

சரி, இது டெக்னிக்கல் விஷயம். என்னை உண்மையிலேயே உட்கார வச்சது இந்தப் பாட்டு எதுக்காகப் பண்ணாங்கங்கிற கதை.

ராபர்ட் மைல்ஸோட நிஜப் பேர் ராபர்ட்டோ கொன்சினா. 1969-ல சுவிட்சர்லாந்துல பிறந்து, இத்தாலில வளர்ந்த டிஜே. ‘சில்ட்ரன்’ பண்ணதுக்கு அவர் ரெண்டு காரணம் சொல்லிருக்கார். ஒண்ணு, அவரோட அப்பா மனிதாபிமான உதவிப் பணிக்காக யூகோஸ்லாவியா போர் நடந்த பகுதிக்குப் போயிட்டு வந்தவர். அங்க போர்ல பாதிக்கப்பட்ட குழந்தைகளோட போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பாட்டோட பேர் அங்கிருந்துதான்.

ரெண்டாவது காரணம் ரோடு. 90-கள்ல இத்தாலில சனிக்கிழமை ராத்திரி கிளப்ல விடிய விடிய ஆடிட்டு, கார் எடுத்துட்டுப் போற பசங்க வழியில செத்துப் போறது பெரிய பிரச்சினை. ‘சனிக்கிழமை இரவுப் படுகொலைகள்’னு அதுக்கு ஒரு பேரே இருந்துச்சு. ராத்திரி முழுக்க வேகமான மியூசிக், அப்புறம் திடீர்னு லைட்டைப் போட்டு "கிளம்புங்க". உடம்பு இன்னும் அதே வேகத்துல இருக்கு, கையில கார் சாவி. அதனால, கடைசியா போட்டு எல்லாரையும் கொஞ்சம் தணிச்சு அனுப்பற மாதிரி ஒரு டிராக் வேணும்னு அவர் நினைச்சார்.

இங்க ஒரு சந்தேகம் வரணும். தணிக்கணும்னா ஸ்லோவா ஒரு பாட்டு போடலாமே? ‘சில்ட்ரன்’ ஸ்லோ கிடையாதே?

அதுதான் இதுல இருக்கிற புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது. கிக் அடி அதே வேகத்துல ஓடுது, அதனால ஆடிட்டிருக்கிற உடம்பு சட்டுனு நிக்க வேண்டியதில்ல. ஆனா மேல பியானோ நிதானமா, எதிரொலியோட, விட்டு விட்டு வருது. ஒரே பாட்டுல ரெண்டு வேகம். கால் வேகமான அடியைப் பிடிச்சிக்கும், மனசு மெதுவா பியானோ பக்கம் நகரும். நம்ம பாஷைல சொன்னா, சர்வரை பிளக்கைப் பிடுங்கி நிறுத்தறதில்ல. புது ரிக்வெஸ்ட் எடுக்காத, கையில இருக்கிறதை முடிச்சிட்டு இறங்குன்னு சொல்றது. கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்.

இது எனக்கு ஏன் பட்டுச்சுன்னா, போன வருஷம் ஒரு ரிலீஸ் நைட். பில்டு உடைஞ்சு, ரோல்பேக் பண்ணி, திரும்ப ஏத்தி, மணி மூணு. கால் கட் ஆன அடுத்த நிமிஷமே பைக் எடுத்தேன். தூக்கமே வரல, சொல்லப்போனா நல்லா முழிச்சிருந்தேன். ஆனா மண்டைக்குள்ள இன்னும் லாக் ஃபைல் ஓடிட்டிருந்துச்சு. ஓஎம்ஆர்ல சோழிங்கநல்லூர் தாண்டி ரோட்டுல வச்சிருந்த பேரிகேட் கண்ணுல பட்டுச்சு, மூளைக்குப் போகல. மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கட்டு. அம்மாகிட்ட மாடிப்படில வழுக்கி விழுந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன். அம்மா, இந்த எபிசோடை நீ கேட்டா, சாரி.

அதனால ரெண்டாவது தடவை ஆல்பத்தை ஒரு ராத்திரி ரிலீஸ் முடிஞ்சப்புறம், பார்க்கிங்ல பைக் மேல உட்கார்ந்து, ஸ்கிப் பண்ணாம கேட்டேன். ‘சில்ட்ரன்’ ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும். முதல் ரெண்டு நிமிஷம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நாலாவது நிமிஷத்துல தோள் இறங்கினது தெரிஞ்சுது. அவ்வளவுதான். கண்ணீர், பரவசம் எதுவும் வரல.

இன்னமும் நான் டிரான்ஸ் ரசிகன் இல்ல. ஆல்பத்தோட நடுப்பகுதில ஒரு டிராக்குக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடல. ‘சில்ட்ரன்’, ‘ஃபேபிள்’ ரெண்டுமே ரெண்டு ரெண்டு வடிவத்துல இருக்கு, ஒண்ணொண்ணு போதும். பாட்டு கேட்டா தூக்கம் போயிடும்னும் நினைச்சிடாதீங்க. கண்ணு சொருகினா வண்டியைத் தொடாதீங்க, கேப் புக் பண்ணுங்க.

மைல்ஸ் 2017-ல, 47 வயசுல புற்றுநோயால இறந்துட்டார். ஆடவந்தவங்க வாசலைத் தாண்டின அப்புறம் என்ன ஆவாங்கன்னு கவலைப்பட்டு ஒருத்தர் பாட்டு பண்ணிருக்கார். எனக்கு அது போதும்.

இப்பல்லாம் ரிலீஸ் முடிஞ்சா பார்க்கிங்ல ஏழு நிமிஷம் உட்கார்றேன். செக்யூரிட்டி அண்ணா முதல் நாள் "என்ன தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"ன்னு கேட்டார். "வண்டி ரெடிண்ணா, நான்தான் இன்னும் நிக்கல"ன்னேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.