முறிந்த முள்ளந்தண்டும் முறியாத உழைப்பும்

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பரந்து கிடக்கும் ஊவா மலைத் தோட்டங்களில், ஒரு தொழிலாளியின் நாளை அளப்பது கடிகாரமன்று. 'பேர்' என்னும் ஒரு சொல்லே அதனை அளக்கின்றது. குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தவருக்கு முழுப் பேர். குறைந்தவருக்கு அரைப் பேர். கூலியும் சேமலாப நிதியும் அந்தப் பேரைப் பற்றிக்கொண்டே வருகின்றன. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் பல குடும்பங்களுக்குத் தோட்ட வேலையோடு பிணைந்ததாகவே இருந்து வந்துள்ளது. ஆகவே மலைச் சரிவிலே விழுந்து முள்ளந்தண்டை முறித்துக்கொண்ட ஒருவர் இரண்டு இழப்புக்களை அடைகின்றார். முதலாவது, கால்களின் வலு. இரண்டாவது, உழைப்பாளி என்ற நிலை. முதலாவதை மீட்டுத் தர மருத்துவத்தால் இன்னும் முழுமையாக இயலவில்லை. இரண்டாவதையும் நாம் கைவிடத்தான் வேண்டுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத்து வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இடுப்பிலே படங்கைக் கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, நிரை நிரையாகச் சரிவில் ஏறிக் கொழுந்து கொய்தல், கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக் குத்துதல், கான் வெட்டுதல், நிழல்மரங்களின் கிளைகளைத் தறித்தல். இவை யாவும் காலையும் முதுகையும் நம்பியே நடைபெறுகின்றன. மழைக்காலத்தில் பாசி படர்ந்த கற்படிகளும், வழுக்கும் மண்பாதைகளும், முறிந்து விழும் கிளைகளும், சரியும் மண்ணும் அந்தக் காலுக்கும் முதுகுக்குமே பகையாகின்றன. உடல் வலுவையே மூலதனமாகக் கொண்ட மக்களுக்கு, ஒரு கணத்து வீழ்ச்சி வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடக் கூடியது.

முள்ளந்தண்டு என்பது எலும்பு வளையங்களை அடுக்கியது போன்ற ஓர் அமைப்பு. அதனுள்ளே, சுண்டுவிரல் பருமனில், ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளத்தில் முண்ணாண் செல்கின்றது. மூளையின் கட்டளைகள் கீழே இறங்குவதும், தோல் உணரும் சூடு, குளிர், வலி ஆகியன மேலே ஏறுவதும் இந்த வழியாகத்தான். எலும்பு முறிந்தால் பொருந்தும். முண்ணாண் நசுங்கினால் அவ்வாறு மீள்வதில்லை. கழுத்தில் காயம் ஏற்பட்டால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். மார்புக்குக் கீழோ இடுப்பருகிலோ ஏற்பட்டால் கால்கள் செயலிழக்கும். சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் குன்றும். இங்கே நாம் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. இவ்விரண்டாம் வகையினருக்குக் கைகளின் வலுவும் திறமையும் முன்போலவே இருக்கின்றன. அறிவு, நினைவு, அனுபவம் ஆகியவற்றையோ முண்ணாண் காயம் எவரிடமிருந்தும் பறிப்பதில்லை. மீண்டும் உழைப்பதற்கான அடித்தளம் இதுவே.

அந்த அடித்தளம் காக்கப்படுவதும் குலைவதும் விபத்து நேர்ந்த முதல் மணித்தியாலத்தைப் பெரிதும் பொறுத்தது. மலையில் விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதும், கம்பளியில் தொட்டில் போலச் சுருட்டிச் சுமப்பதும், முச்சக்கர வண்டியில் உட்கார வைத்துக் கொண்டு செல்வதும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆயினும் முறிந்த எலும்பின் விளிம்பு, அசைக்குந்தோறும் முண்ணாணை மேலும் நசுக்கக்கூடும். பாதி சிதைந்தது முழுதும் சிதைவதற்கு ஒரு தவறான தூக்கல் போதும். எனவே கழுத்திலோ முதுகிலோ வலி, கால் மரத்தல், விரல் அசையாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அவரை எழுப்பி உட்கார வைக்கலாகாது. தலையின் இருபுறமும் துணிச் சுருள்களை வைத்து, அவசர உதவிக்கு 1990 என்னும் எண்ணிலுள்ள சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். மண்சரிவு போன்ற ஆபத்தினால் உடனே அகற்ற நேர்ந்தால், நால்வர் ஐவர் சேர்ந்து, தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்குமாறு, மரக்குற்றியைப் புரட்டுவது போல ஒருசேரப் புரட்டி, கதவுப்பலகை போன்ற உறுதியான பலகையில் ஏற்ற வேண்டும்.

முற்காலத்தில் இத்தகைய காயம் மரணத்திற்கு ஒப்பாகவே கருதப்பட்டது. ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று இதனை மருத்துவம் செய்ய இயலாத நோய்களுள் சேர்த்துள்ளது. முதலாம் உலகப் போரில் இக்காயமுற்றவர்களுள் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர், ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்தை அடைந்த வைத்தியர் லுட்விக் குட்மன். அவர் 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் காயத்திற்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். நோயாளரை இரண்டு மணித்தியாலத்திற்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீரைத் தூய முறையில் அகற்றச் செய்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. மரவேலை, கடிகாரம் திருத்துதல், தட்டெழுத்து ஆகியவற்றையும் சிகிச்சையின் பகுதியாக்கினார். உயிர் பிழைத்தவர் உழைத்து வாழவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1948இல் அங்கே 16 பேருடன் அவர் நடத்திய விற்போட்டியே பின்னர் பராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது.

குட்மன் வற்புறுத்திய அப்பராமரிப்பு லயத்துக் காம்பராவிலும் செய்யக்கூடியதே. கீழுடலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அழுத்தத்தின் வலி தெரியாது. ஆகையால் சக்கர நாற்காலியில் இருப்பவர், பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கொருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்தியோ பக்கம் சாய்ந்தோ அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். கொதிக்கும் தேநீர்க் கோப்பையை மடியில் வைக்கலாகாது; சுட்டாலும் தெரியாது. காலையும் மாலையும் தோலைக் கண்ணாடி கொண்டு பார்த்து, சிவந்த இடத்தை உடனே கவனிக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்திற்கொருமுறை சுத்தமான மென்குழாயால் தாமே சிறுநீரை அகற்றும் முறை 1972ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிற்று. இதனைக் கற்றவர் அச்சமின்றி வெளியே சென்று வேலை பார்க்கலாம். ஒரு படுக்கைப்புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் படுக்க நேரும். வேலை நிலைப்பதற்குத் தோலைக் காப்பதே முதற் காவல். இவற்றைக் கற்பிக்கும் சிறப்புப் பிரிவு ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையில் உண்டு. பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் ரயில் பாதையிலேயே ராகமையும் அமைந்துள்ளது. தூரம் நெடியதுதான், ஆயினும் அங்கே பெறும் பயிற்சி வாழ்நாளெல்லாம் துணைநிற்கும்.

பயிற்சிக்குப் பின் ஒருவர் எத்துணைத் தூரம் செல்லலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே இரண்டு சான்றுகள் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார், 1954ஆம் ஆண்டு மோட்டார் விபத்தொன்றில் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். கைகள் நலமாக இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளில் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் பயனாகும். மற்றவர், தென்காசிக்கு அண்மையிலுள்ள ஆயக்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராயிருந்த அவர், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்தில் காயமுற்றார். கைகால் வழங்காத நிலையிலும் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவி, மாற்றுத்திறனாளிகள் பலர் கற்கவும் தொழில் பழகவும் வழி செய்தார். காயத்திற்கு முன் செய்ய எண்ணிய வேலை இருவருக்கும் அவ்வண்ணமே கிடைத்துவிடவில்லை. அவர்கள் உடலுக்கு ஏற்றவாறு வேலையைத் திருத்தி அமைத்துக்கொண்டனர்.

அவர்கள் கற்றவர்கள், தோட்டத் தொழிலாளிக்கு அது பொருந்துமா என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. கொழுந்து மலைக்குச் சக்கர நாற்காலி ஏறாது. ஆனால் தோட்டத்தில் அமர்ந்து செய்யும் வேலைகளும் உண்டு. நிறுவைக் கணக்கு, பண்டசாலைப் பதிவேடு, நாற்றுமேடையில் பைகளுக்கு மண் நிரப்புதல், பிள்ளைக்காம்பராவில் உதவி ஆகியன அவை. தோட்டத்திற்கு வெளியே தையல், கைத்தொலைபேசி திருத்தல், சிறுகடை, மாணவர்க்கு மாலை வகுப்பு ஆகியன உள்ளன. இருபது வருடம் கொழுந்தெடுத்த அம்மா ஒருவருக்கு இலையின் தரத்தைக் கற்பிக்க எவரும் வேண்டியதில்லை. அவரை வீட்டில் அடைத்து வைப்பது பெரும்பாலும் வாசற்படியே. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. இரண்டு படிகளைக் கடக்க அவ்வளவே போதும். மேசனும் ஊராரும் சேர்ந்தால் அது அரிய காரியமன்று.

சட்டமும் துணைநிற்கின்றது. வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த காயத்திற்கு, 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தொழில் கொடுப்பவர் நட்டஈடு செலுத்த வேண்டும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதன் உச்ச வரம்பை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியதோடு, வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. நிரந்தரமாக இயலாமை அடைந்தவர் ஊழியர் சேமலாப நிதியையும் வயது வரும்வரை காத்திராது பெறலாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டி வேலையில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது. ஆகவே விபத்து நேர்ந்த நாள், இடம், சாட்சிகள், வைத்தியத் துண்டுகள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துதல் வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதியையும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரையும் விரைவில் காணுதல் நலம்.

காயமுற்றவர் வீடு திரும்பியதும், "ஐயோ பாவம், இனி என்ன செய்ய?" என்று சுற்றத்தார் கூறுவது இயல்பே. அவ்வினாவிலுள்ள இரக்கத்தை நீக்கி, அதனையே உண்மையான வினாவாக அவரிடம் கேட்போமாக. என்ன செய்ய விரும்புகின்றீர், அதற்கு எந்தப் படியை அகற்ற வேண்டும், எந்த மேசையைத் தாழ்த்த வேண்டும் என்று கேட்டறிந்து செயற்படுவோமாயின், முண்ணாண் மீளாவிடினும் மனிதர் மீள்வர்.