அழைப்பு நாளும் அயல்மனை விருந்தும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஸொராரிட்டி என்றோர் அமைப்பு உண்டு. மாணவியர் தாமே கூடி, தமக்கென ஒரு மனை அமைத்து நடத்தும் கழகம் அது. ஆடவர் நடத்தும் அதே வகைக் கழகத்திற்கு பிரட்டர்னிட்டி என்று பெயர். முன்னது சகோதரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தும், பின்னது சகோதரனைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் பிறந்தவை. கிரேக்க எழுத்துகள் இரண்டையோ மூன்றையோ சேர்த்துக் கழகத்தின் பெயராக வைத்துக்கொள்வார்கள். அப்பெயரைச் சூடியவர்க்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம்மவர் வீட்டுப் பெண்கள் பலர் இன்று அந்நாட்டிலே பயில்கின்றனர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உளர். ஆகவே இக்கழகங்கள் புதியவரை வரவேற்கும் நாளைப் பற்றியும், அந்நாளையொட்டி எழுந்துள்ள ஒரு வழக்கைப் பற்றியும் அறிந்துகொள்வது பயனற்றதாகாது.

1851ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், பெண்களுக்கென்றே ஏற்பட்ட வெஸ்லியன் கல்லூரியில், அடெல்பியன் சங்கம் என்ற பெயரில் ஒரு கழகம் தோன்றியது. இன்று அதற்கு ஆல்பா டெல்டா பை என்று பெயர். எனினும் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய கதை இந்தியானா மாநிலத்தில் நடந்ததாகும். அங்கிருந்த ஆஸ்பரி கல்லூரி 1867இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. முதன்முதலாகச் சேர்ந்த மிகச் சில பெண்களுள் பெட்டி லாக் என்பவர் ஒருவர். ஆடவர் கழகம் ஒன்று தன் சின்னத்தை அணிந்துகொள்ளுமாறு அவருக்குக் கொடுக்க முன்வந்ததாம். உறுப்பினர் உரிமையை மட்டும் கொடுக்க மனமில்லையாம். உரிமையில்லாத அணியை அவர் வேண்டாமென்று மறுத்தார். தோழியர் மூவரோடு 1870 ஜனவரியில் காப்பா ஆல்பா தீட்டா என்ற கழகத்தைத் தாமே தொடங்கினார். ஆடவர் மனையின் நிழலில் நிற்க மறுத்த பெண்களால் வளர்ந்த ஸ்தாபனம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் வழக்கு எளிதில் விளங்கும்.

1902இல் மகளிர் கழகங்கள் ஒன்றுகூடித் தேசிய மாநாட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. அதில் பல கழகங்கள் அடங்கியுள்ளன. கறுப்பினப் பெண்கள் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பா காப்பா ஆல்பா என்னும் தனிக் கழகம் கண்டார்கள். சென்னையிலிருந்து சென்ற தமிழ்த் தாயின் மகளும், பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவருமான கமலா ஹாரிஸ் அக்கழகத்தைச் சேர்ந்தவரே. தெற்காசியப் பெண்களுக்கென 1998ஆம் ஆண்டில் ஹூஸ்டன், ஆஸ்டின், நியூயார்க் ஆகிய நகரங்களில் கழகங்கள் தோன்றின. இவற்றின் சேர்க்கை முறைகள் வேறு. நாம் இங்கே எடுத்துக்கொண்டது, அந்த மாநாட்டமைப்பைச் சேர்ந்த கழகங்களின் வழக்கத்தையே.

இவற்றுள் ஒன்றில் சேர்வது எளிதன்று. பல இடங்களில் வகுப்புகள் தொடங்குமுன்பே, ஏறத்தாழ ஒரு வாரம் தேர்வு நடைபெறும். புதிய மாணவியர் மனைதோறும் சென்று உரையாடுவர். நாள் செல்லச் செல்ல, அவர்கள் செல்லும் மனைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். இறுதியில் மாணவி தன் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கையொப்பமிட்டுத் தருவாள். கழகங்களும் தத்தம் பட்டியலைத் தரும். இரண்டையும் பொருத்திப் பார்த்து அழைப்புகள் வழங்கப்படும். அந்தக் கையொப்பம் விளையாட்டன்று. அவள் எழுதிக்கொடுத்த கழகம் அழைத்தபின் மறுத்தால், அடுத்த ஆண்டுத் தேர்வு வரையில் அப்பல்கலைக்கழகத்தில் மாநாட்டமைப்பைச் சேர்ந்த வேறு கழகம் எதிலும் அவளுக்கு இடமில்லை. அழைப்புக் கைக்கு வரும் நாளை 'பிட் டே' என்பர். நாம் அழைப்பு நாள் என்போம்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் இந்நாள் ஒரு திருவிழாவேயாகும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பெரிய கால்பந்தாட்ட அரங்கிலே கூடி, உறைகளை ஒரே நேரத்தில் பிரித்து, தமக்குக் கிட்டிய மனையை நோக்கி ஓடுவார்கள். வாசலிலே மூத்த உறுப்பினர் பாட்டும் ஆரவாரமுமாக எதிர்கொள்வார்கள். ஒரே நிறச் சட்டை, புகைப்படம், விருந்து, விளையாட்டு என்று பொழுது கழியும். 2021 முதல் டிக்டாக் படக்காட்சிகளின் வாயிலாக உலகமே இதை வேடிக்கை பார்த்து வருகிறது. பெண்ணழைப்பு ஊர்வலம் கண்ட நம்மவர்க்கு அந்த ஆரவாரம் அவ்வளவு புதிதாகத் தோன்றாது.

பகற்பொழுது இவ்வாறு இனிதே கழிகிறது. இரவு எங்கே கழிய வேண்டும் என்பதுதான் வழக்கு. அன்றிரவே ஆடவர் கழகங்களும் விருந்து வைக்க விரும்புகின்றன. மூத்த உறுப்பினர் சிலர் புதியவர்களை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகின்றனர். மாநாட்டமைப்பின் விதியோ தெளிவானது: தேர்வு நாட்களிலும் அழைப்பு நாளிலும் மதுபானம் கூடாது, அந்நிகழ்ச்சிகளில் ஆடவர் பங்குகொள்ளுதலும் கூடாது. ஆனால் நிகழ்ச்சி முடிந்துவிட்டது, இனி நாங்கள் தனி மனிதர்களாகப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் விதி அங்கேயே நின்றுவிடுகிறது. விதிக்கும் இரவுக்கும் இடையே உள்ள இந்தச் சந்து வழியாகத்தான் எல்லாத் தொல்லையும் நுழைகிறது.

விருந்து ஏன் ஆடவர் மனையை நாடிச் செல்ல வேண்டும்? இந்த மகளிர் கழகங்களின் மனைகளில் பொதுவாக மதுவுக்கு இடமில்லை. ஆடவர் மனைகள் பலவற்றில் உண்டு. மேலும், 1984இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்றின் விளைவாக, மது வாங்குவதற்குரிய வயது நாடெங்கும் 21 ஆயிற்று. பதினெட்டு வயது மாணவிக்குக் கடையிலும் கிடைக்காது, விடுதியிலும் கிடைக்காது. ஆடவர் மனையிலே கேட்பாரின்றிக் கிடைக்கும். பெண்களின் மனைகளைத் தூய்மையாக வைத்திருக்க ஏற்பட்ட விதி, பெண்களைப் பிறர் மனையின் விருந்தாளிகளாக ஆக்கிவிட்டது. விதி வகுத்தோர் இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன் முதலிய சமூகவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இந்நிலைமையை நுட்பமாக எடுத்துக் காட்டியது. யார் உள்ளே வரலாம் என்பதை வாசலில் நிற்கும் ஆடவர் தீர்மானிக்கிறார்கள். என்ன உடை உடுத்தி வரவேண்டும் என்பதற்கான விருந்தின் கருவும் அவர்கள் வகுத்ததே. மது அவர்கள் கையில். வண்டியும் அவர்களுடையது, அழைத்து வர வண்டி வரும், திரும்பக் கொண்டுவிட வருமென்று உறுதியில்லை. விருந்தாளி விருந்தளிப்பவர் மனம் நோக நடக்கலாகாது என்ற நன்னடத்தையே அங்குப் பெண்ணுக்கு விலங்காகிறது. பாலியல் வன்முறைக்கு இடம் கொடுப்பது தனி மனிதரின் தீய குணம் மட்டுமன்று, இந்த ஏற்பாடும்தான் என்பது அவர்களுடைய முடிவு.

ஆடவருடைய அழைப்பு இரவும் ஆபத்து அற்றதன்று. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயது மாணவர் ஒருவர், அளவுக்கு மீறிக் குடிக்கச் செய்யப்பட்டுப் படிக்கட்டிலிருந்து விழுந்து உயிர் துறந்தார். நம் நாட்டில் ராகிங் என்று நாம் அறிந்த கொடுமையின் இனம் இது. அடுத்த ஆண்டில் அம்மாநிலம் கடுமையான சட்டம் இயற்றியது. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. இத்தகைய குற்றம் புரிந்த கழகங்களின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டுமென்று அது கட்டளையிடுகிறது.

வழக்கின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் 2015 ஜனவரி 31ஆம் நாள் ஆடவர் கழகங்களின் அழைப்பு இரவு. அதற்குப் பெண்கள் எவரும் போகலாகாது என்று மகளிர் கழகங்களின் தேசியத் தலைமைகள் ஆணையிட்டன. அதற்கு முந்திய நவம்பரில் ஒரு பத்திரிகை அப்பல்கலைக்கழகத்து ஆடவர் மனையைப் பற்றிக் கொடிய குற்றச்சாட்டொன்றை வெளியிட்டிருந்தது. அச்செய்தி நம்பத் தகாதது எனக் கண்டு 2015 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே பல்கலைக்கழகம் புதிய ஒழுங்குகளை வகுத்தது. மது அருந்தாத உறுப்பினர் மூவரேனும் விருந்தில் இருக்க வேண்டும். ஒருவர் படுக்கை அறைகளுக்கு ஏறும் படியருகே நிற்க வேண்டும். பீர் திறக்கப்படாத டப்பாவிலேயே தரப்பட வேண்டும். எதைத் தடுக்க இவ்வளவு ஏற்பாடு என்பது சொல்லாமலே விளங்கும். ஆணையைக் கேட்ட மாணவியர் கொதித்தெழுந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். குற்றம் புரிவோர் வேறு இடத்தில் இருக்க, எங்களை ஏன் வீட்டில் அடைக்கிறீர்கள் என்பதே அவர்களுடைய வாதம். அதிலே நியாயம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. வயது வந்த பெண்ணின் காலுக்குத் தளையிடுவது பாதுகாப்பாகாது.

டார்ட்மத் கல்லூரியில் வேறொரு வழி காணப்பட்டது. அங்கே 1977இல் தோன்றிய மகளிர் கழகம் ஒன்று, 1988இல் தன் தேசியத் தலைமையை விட்டு விலகி, ஸிக்மா டெல்டா என்ற பெயரில் தனித்து இயங்கலாயிற்று. ஆகவே மது விலக்கு விதி அதனைக் கட்டுப்படுத்தவில்லை. அம்மனையிலேயே விருந்து நடக்கிறது. வாசலில் நிற்போரும் பானம் வழங்குவோரும் பெண்களே. முறை தவறியவனை வெளியே போகச் சொல்லும் அதிகாரமும் அவர்களுடையதே. மதுவை நான் பரிந்துரைக்கவில்லை. அது இல்லாமலே மகிழத் தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இக்கழகம் சரியாகப் பிடித்துக்கொண்டது.

ஆண்டின் மற்ற இரவுகளில் யார் எங்கே செல்வது என்பது அவரவர் விருப்பம். அழைப்பு நாள் இரவு மட்டும் வேறு வகையானது என்பது என் கருத்து. அன்று சேர்ந்த பெண்ணுக்கு அம்மனையில் எவரையும் சரிவரத் தெரியாது. ஒரு வாரம் அஞ்சி அஞ்சிக் காத்திருந்து, அன்று காலைதான் ஏற்கப்பட்டிருக்கிறாள். வா, போகலாம் என்று மூத்தவள் கையைப் பிடித்தால், வரவில்லை என்று சொல்லும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வரும்? பலர் முதன்முறையாகப் பெற்றோரைப் பிரிந்து வந்து சில நாட்களே ஆகியிருக்கும். ஊரும் புதிது, திரும்பும் வழியும் புதிது. விருந்தைக் குற்றமென்று சொல்லவில்லை. மறுக்க இயலாதவளை அழைப்பது அழைப்பாகாது என்றே சொல்கிறேன். அவளை வரவேற்றவர்கள் பெண்கள். அந்த இரவும் அவர்களுடைய கூரையின் கீழேயே கழிவதுதான் முறை.

அங்கே பயிலும் பெண்ணுக்குத் தேர்வு வாரத்திலேயே ஒரு வாய்ப்பு உண்டு. மனைதோறும் அவளைக் கேள்வி கேட்பதுபோல அவளும் கேட்கலாம். அழைப்பு நாள் மாலையில் புதியவர்களை எங்கே அழைத்துப் போவீர்கள், வரவில்லை என்று சென்ற ஆண்டு எவரேனும் சொன்னார்களா, இரவில் திரும்பக் கொண்டுவிடுவது யார் என்று கேட்டால், தயங்காமல் பதில் சொல்லும் மனை எது, சிரித்து மழுப்பும் மனை எது என்பது அப்போதே தெரிந்துவிடும்; விருப்ப வரிசையில் கையொப்பமிடுவதோ அதற்குப் பிறகுதான்.